எதிர்த்தரப்பின் நல்ல வாதத்தை எங்கே தேடுவது?

கேட்கப்பட்ட கேள்வி இது: “எனக்கென்று ஓர் அரசியல் சார்பு இருக்கிறது. அதை மறைக்கவில்லை. ஆனால் மற்ற தரப்புகளில் விஷயம் தெரிந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன். இணையத்தில் தேடினால் வசையும் கேலியும்தான் கிடைக்கின்றன. யாரைப் படிப்பது, எங்கே படிப்பது?”

பெயர்ப் பட்டியல் ஒன்றை எதிர்பார்த்திருப்பீர்கள். சில ஏடுகளின் பெயர்கள் பின்னால் வரும். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆளைத் தேடுவதைவிட இடத்தைத் தேடுவதே பலன் தரும். எதிராளி கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார், அவருக்குப் பதில் சொல்லியே தீரவேண்டும் என்ற நிலையில் பேசுகிறவர்கள் தங்கள் வாதத்தைத் தீட்டிக்கொண்டு வருகிறார்கள். தம் ஆட்கள் மட்டும் கூடிக் கைதட்டும் இடத்துக்குப் போனால் அதே மனிதர்கள் சோம்பேறிகளாகிவிடுகிறார்கள். யூடியூப் நேர்காணல்களில் நெறியாளரும் விருந்தினரும் ஒரே கட்சியாக இருந்து, தலைப்பில் மட்டும் ‘வெளுத்து வாங்கினார்’ என்று போடுகிறார்களே, அந்த வகையில் இந்தச் சோம்பேறித்தனத்தை முழு அழகோடு பார்க்கலாம்.

“எதிர்த்தரப்பினரைப் பின்தொடருங்கள், பார்வை விரியும்” என்பது பலரும் சொல்லும் யோசனை. 2017இல் அமெரிக்காவில் கிறிஸ்டோபர் பெய்ல் என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ட்விட்டரில் இருந்த குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் சிலருக்குப் பணம் கொடுத்து, ஒரு தானியங்கிக் கணக்கை ஒரு மாதம் பின்தொடரச் செய்தார்கள். அந்தக் கணக்கு எதிர்த்தரப்புத் தலைவர்கள், கருத்தாளர்களின் பதிவுகளில் தினமும் 24ஐ மறுபகிர்வு செய்யும். மாத முடிவில் குடியரசுக் கட்சி ஆதரவாளர்கள் முன்னைவிடத் தீவிரமான வலதுசாரிகளாகியிருந்தார்கள். ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் சற்று இடதுபுறம் நகர்ந்ததுபோல் தெரிந்தாலும், அது புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க மாற்றமாக இல்லை. யாரும் நடுவுக்கு வரவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தேர்தல் காலத்தைக் கழித்தவர்களுக்கு இது ஆச்சரியம் தராது. எதிர்த்தரப்பின் துண்டுத் துணுக்குகளை வெறுமனே கண்ணில் போட்டுக்கொள்வது, நாம் ஏற்கெனவே நினைத்தது சரிதான் என்ற எண்ணத்தை உறுதிப்படுத்திவிடக்கூடும்.

அப்படியானால் எந்த இடம்? என் முதல் பரிந்துரை பலருக்கு வறட்சியாகப் படும்: உச்ச நீதிமன்றத்தின் பிளவுபட்ட தீர்ப்புகள். ஒரே வழக்கு, ஒரே ஆவணங்கள், ஒரே வாதங்கள். அவற்றைக் கேட்டுவிட்டு இரு தரப்பாகப் பிரியும் நீதிபதிகள், தாங்கள் ஏன் அப்படி நினைக்கிறோம் என்பதை எழுத்தில் தந்தாக வேண்டும். திட்டுவதற்கு இடமில்லை. மழுப்புவதும் கடினம். பக்கத்து இருக்கைக்காரர் மறுத்து எழுதிக்கொண்டிருப்பது இருவருக்கும் தெரியும்.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஒன்றை எடுத்துக்கொள்வோம். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 விழுக்காடு இடஒதுக்கீடு. 103ஆவது அரசமைப்புத் திருத்தம், 2019 ஜனவரியில் அடுத்தடுத்த இரு நாட்களில் இரு அவைகளிலும் நிறைவேறியது. மக்களவையில் ஆதரவு 323, எதிர்ப்பு 3. மாநிலங்களவையில் 165க்கு 7. பாஜக கொண்டுவந்ததைக் காங்கிரஸும் ஆதரித்தது. தமிழ்நாட்டிலோ திமுகவும் அதிமுகவும் ஒரே பக்கம் நின்றன. மக்களவையில் தம்பிதுரை எதிர்த்துப் பேசினார். மாநிலங்களவையில் மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பவேண்டும் என்று கனிமொழி கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. வலது, இடது என்ற இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு இந்திய அரசியலைப் படிக்க வருகிறவர் இந்த முதல் படியிலேயே தடுக்கி விழுவார்.

2022 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் இந்தத் திருத்தம் செல்லும் என்றது, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில். தினேஷ் மகேஸ்வரி, பேலா திரிவேதி, பர்திவாலா ஒரு பக்கம். அன்றைய தலைமை நீதிபதி யு.யு. லலித்தும் ரவீந்திர பட்டும் மறுபக்கம். அன்று மாலைத் தொலைக்காட்சி விவாதங்களைப் பார்த்தவர்கள், ‘பொருளாதார அளவுகோலை ஏற்றவர்கள் மூவர், மறுத்தவர்கள் இருவர்’ என்ற எண்ணத்தோடு தூங்கப் போயிருப்பார்கள். தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. கல்வியைப் பொறுத்தவரை, வறுமையை அளவுகோலாகக் கொள்வது தன்னளவில் தவறில்லை என்பதை நீதிபதி பட்டும் ஏற்கிறார். அரசு வேலையில்தான் அவருக்குச் சிக்கல்: அங்கே இடஒதுக்கீடு பிரதிநிதித்துவத்துக்காக வந்தது, வறுமைக்கும் பிரதிநிதித்துவத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறார். அவருடைய மைய மறுப்பு இன்னொன்று. ஏழைகளுக்கு என்று ஒரு வாசலைத் திறந்துவிட்டு, பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைகள் மட்டும் அதில் நுழையக் கூடாது என்பது சமத்துவத்தின் அடித்தளத்தையே மீறுகிறது என்கிறார். அதற்கு அவர் எடுத்துவைக்கும் சான்றுதான் சுவாரஸ்யமானது. பொருளாதாரத்தில் பின்தங்கியோரைப் பற்றி ஆராய ஒன்றிய அரசு அமைத்து, 2010இல் அறிக்கை தந்த சின்ஹோ ஆணையத்தின் கணக்குப்படி வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் பட்டியல் சாதியினரில் 38 விழுக்காடு, பழங்குடியினரில் 48.4, பிற்படுத்தப்பட்டோரில் 33.1, பொதுப் பிரிவினரில் 18.2. திருத்தத்தை நியாயப்படுத்த அரசு நம்பியதும் இதே ஆணையத்தைத்தான். ஒரே அறிக்கை, இரண்டு முடிவுகள்.

பெரும்பான்மைத் தரப்பின் பதிலும் எளிதில் தள்ளக்கூடியதல்ல. ஏற்கெனவே தனி ஒதுக்கீடு பெறும் பிரிவினரை இதிலும் சேர்த்தால் அவர்களுக்கு இரட்டைப் பயனாகும். இதுவரை எந்த ஒதுக்கீட்டிலும் வராத ஏழைகளுக்கான ஏற்பாடு என்ற நோக்கமே சிதைந்துவிடும் என்கிறார் மகேஸ்வரி. மொத்த இடஒதுக்கீட்டுக்கு உச்ச நீதிமன்றம் 1992இல் மண்டல் வழக்கில் வைத்த 50 விழுக்காடு உச்சவரம்பு அசைக்கவே முடியாத எல்லையல்ல என்றும், அது சமூக அடிப்படையிலான ஒதுக்கீடுகளைப் பற்றியது என்றும் அவர் எழுதுகிறார்.

இங்கேதான் தமிழ்நாட்டு வாசகர் நிமிர்ந்து உட்காரவேண்டும். இந்த 10 விழுக்காட்டை எதிர்ப்பவர்கள் எடுக்கும் ஆயுதங்களில் ஒன்று, ‘50 விழுக்காட்டை மீறுகிறது’ என்பது. ஆனால் நம் மாநிலத்தின் 69 விழுக்காடு இடஒதுக்கீடு அதே வரம்பைத் தாண்டி, 1994இல் 76ஆவது திருத்தத்தின் மூலம், சட்டங்களை நீதிமன்றச் சவாலிலிருந்து காக்கவென்று அரசமைப்பில் வைத்த ஒன்பதாவது அட்டவணைக்குள் போய் அமர்ந்திருக்கிறது. அந்த ஆயுதத்தை ஓங்கினால் அது எந்தப் பக்கம் திரும்பும்? மாறாக, மண்டல் தீர்ப்புக் காலத்திலிருந்து 50 விழுக்காட்டை வேதவாக்காகச் சொல்லிவந்தவர்கள், 2019இல் அது ரப்பர்போல் நீளும் என்று சொல்லவேண்டி வந்தது. இரு தரப்புக்கும் சங்கடம். நீதிபதி பட் இதைக் கவனிக்கத் தவறவில்லை. 76ஆவது திருத்தத்தை எதிர்க்கும் வழக்கு நிலுவையில் இருப்பதைச் சுட்டி, இந்த வரம்பைப் பற்றிச் சொல்வது அங்கேயும் பாதிக்கும் என்று எச்சரிக்கையாக நிற்கிறார். இந்த ஒரு முடிச்சைப் புரிந்துகொண்ட வாசகர், இடஒதுக்கீடு பற்றி அடுத்த முறை யார் பேசினாலும், அவர் இந்த இடத்தைத் தொடுகிறாரா, தாண்டிக் குதிக்கிறாரா என்று கண்டுபிடித்துவிடுவார். தீர்ப்பின் 400 பக்கத்தையும் படிக்கவேண்டியதில்லை. மகேஸ்வரியின் முடிவுரையையும் பட்டின் முடிவுரையையும் எதிரெதிரே வைத்துப் படித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும்.

இரண்டாவது இடம் நாடாளுமன்றம். நேரலையைச் சொல்லவில்லை, அச்சான நடவடிக்கைக் குறிப்புகளைச் சொல்கிறேன். இரு அவைகளின் இணையதளங்களிலும் பழைய விவாதங்கள் கிடைக்கின்றன. 1962 மே மாதம் மாநிலங்களவையில் அண்ணா ஆற்றிய கன்னிப்பேச்சைத் தமிழ்நாட்டில் மேற்கோள்களாகவே அறிந்திருக்கிறோம். அதைக் குறிப்பேட்டில் படித்துப் பாருங்கள். திராவிட நாடு கோரிக்கையைக் கொஞ்சமும் ஏற்காத ஓர் அவையில், குறுக்கீடுகளுக்கு நடுவே, கோபப்படாமல் ஒருவர் தன் வழக்கைக் கட்டி எழுப்புவதைப் பார்க்கலாம். நீங்கள் எந்தக் கட்சியானாலும் அது பாடம்.

அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் இதைவிட வளமானவை. 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை ஆட்சிமொழி பற்றி நடந்த விவாதத்தில், எண்களை எந்த வடிவில் எழுதுவது என்பதுவரை மோதிக்கொண்டார்கள். தேவநாகரி எண்களா, உலகம் முழுக்கப் புழங்கும் வடிவமா? இன்று நம் அரசமைப்பில் இருக்கும் ‘இந்திய எண்களின் சர்வதேச வடிவம்’ என்ற தொடர், அந்தச் சண்டையில் பிறந்த சமரசம். 1948 நவம்பர் 5 அன்றே சென்னை மாகாண உறுப்பினர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா என்பதை ஐக்கிய மாகாண (இன்றைய உத்தரப் பிரதேச) நண்பர்கள் தீர்மானித்துக்கொள்ளட்டும் என்ற பொருளில் எச்சரித்துவிட்டிருந்தார். அவர் திராவிட இயக்கத்தவரும் அல்ல, பிரிவினை கேட்டவரும் அல்ல. இந்தி ஆதரவாளர்களின் பேச்சுகளையும் அதே பொறுமையோடு படியுங்கள். அந்நிய மொழியில் ஆளப்படும் சுதந்திர நாடு என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய அவமானமாகப் பட்டது என்பது தெரியும்.

நாடாளுமன்றக் குழு அறிக்கைகளின் கடைசியில் இணைக்கப்படும் மறுப்புக் குறிப்புகளை யாரும் சீண்டுவதில்லை. தரவுப் பாதுகாப்பு மசோதா பற்றிய கூட்டுக்குழு அறிக்கை 2021 டிசம்பரில் தாக்கலானது. குழு ஜனநாயக முறையில் இயங்கியது என்று வெளிப்படையாகப் பாராட்டிய காங்கிரஸின் ஜெய்ராம் ரமேஷ், அரசு அமைப்புகளுக்கு மசோதா தந்த விலக்கை எதிர்த்து விரிவான மறுப்பும் எழுதினார். தொலைக்காட்சியில் இந்த இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்து கேட்டிருக்கிறீர்களா?

சரி, பத்திரிகைகள். நடுநிலை என்று அறிவித்துக்கொள்ளும் ஊடகத்தில் எதிர்த்தரப்பைத் தேடுவதைவிட, அந்தத் தரப்பு தன் சொந்த ஏட்டில் தன் ஆட்களுக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்பது எனக்குப் பிடித்த வழி. தமிழில் இதற்குப் பஞ்சமே இல்லை. 1935 முதல் விடுதலை, 1942 முதல் முரசொலி, மார்க்சிஸ்ட் கட்சியின் தீக்கதிர், ஆர்எஸ்எஸ் சார்பில் விஜயபாரதம், 1970இல் சோ தொடங்கி இன்று குருமூர்த்தி நடத்தும் துக்ளக். ஆங்கிலம் படிப்பவர்களுக்கு ஒருபுறம் வலதுசாரிச் சார்பில் ஆர்கனைசர், ஸ்வராஜ்யா; மறுபுறம் மார்க்சிஸ்ட் கட்சியின் பீப்பிள்ஸ் டெமாக்ரசி. கல்விப்புலச் சாய்வோடு எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி. கட்சி ஏட்டின் சார்பு நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கும், கழித்துவிட்டுப் படிக்கலாம். நான் முன்னே சொன்ன சோம்பேறித்தனம் இங்கேயும் உண்டு என்பது உண்மைதான். அதனால் இந்த ஏடுகளில் எதிரியைத் தாக்கும் பக்கங்களைத் தள்ளிவிடுங்கள். தன் ஆட்களையே சமாதானப்படுத்தும் பக்கங்களைப் படியுங்கள். கூட்டணி மாறியபோது, கொள்கை வளைந்தபோது, உட்கட்சியில் முணுமுணுப்பு எழுந்தபோது எழுதப்பட்ட தலையங்கங்களில் சரக்கு இருக்கும். அப்போது எதிராளி வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு தரப்பு என்று நாம் நினைப்பது பல தரப்புகளாக உடைவதையும் இப்படித்தான் பார்க்க முடியும். 2024 ஆகஸ்ட் 1 அன்று பட்டியல் சாதிகளுக்குள் உள்ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் தீர்ப்பளித்தார்கள். தனித்து மறுத்தவர் பேலா திரிவேதி. 10 விழுக்காடு வழக்கில் பெரும்பான்மையோடு நின்ற அதே நீதிபதி. தமிழ்நாட்டில் 2009 முதல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருப்பதால் இங்கே தீர்ப்புக்கு உடனடிப் பொருள் இருந்தது. தில்லியில் என்ன நடந்தது? ஒன்றிய அமைச்சரவையில் ஒன்றாக அமர்ந்திருந்த இரண்டு தலித் தலைவர்களில் சிராக் பாஸ்வான் எதிர்த்தார், ஜீதன் ராம் மாஞ்சி வரவேற்றார். ஆளும் அணியில் இல்லாத மாயாவதியும் எதிர்த்தார். கட்சிக் கொடியை வைத்து இந்த வரைபடத்தை வரையவே முடியாது. எந்தச் சாதிக்குள் எந்தப் பிரிவு எவ்வளவு பெற்றது என்ற கணக்கிலிருந்துதான் வரையமுடியும். இத்தகைய விவகாரங்களை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்துப் படியுங்கள். நம் சார்பு தானாக விடை சொல்லாத இடத்தில்தான் நாம் உண்மையிலேயே யோசிக்கிறோம்.

இனித் தனிமனிதர்களுக்கு வருவோம். ஒரு கருத்தாளரைத் தொடர்ந்து படிக்கலாமா என்பதற்கு என்னிடம் மூன்று சோதனைகள் இருக்கின்றன. சைவ சித்தாந்த மரபில் பரபக்கம் என்று ஒரு முறை உண்டு. பிற சமயத்தாரின் கொள்கையை முதலில் எடுத்துச் சொல்லிவிட்டு அதன் பிறகே மறுக்கவேண்டும். அதுபோல, நம் கருத்தாளரின் எழுத்தில் எதிராளியின் கொள்கை அந்த எதிராளியே ஒப்புக்கொள்ளும் விதத்தில் சொல்லப்பட்டிருக்கிறதா என்பதுதான் முதல் சோதனை. இரண்டாவது, தன் தரப்பு ஆட்சியில் இருந்தபோது அவர் என்ன எழுதினார்? மாநில உரிமை, ஆளுநர் அதிகாரம் பற்றிப் பொங்குகிறவர்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். 1976 ஜனவரியில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது, 1980 பிப்ரவரியில் எம்ஜிஆர் ஆட்சி, 1991 ஜனவரியில் மறுபடி திமுக ஆட்சி. மூன்றையும் ஒரே அளவுகோலால் அளக்கிறவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், அவர் எந்தக் கட்சியானாலும். மூன்றாவது சோதனை சாதாரணமானது. எண்ணைச் சொல்லும்போது அது எந்த ஆண்டின், எந்த அறிக்கையின் எண் என்று சொல்கிறாரா?

நாளிதழ் ஒன்றின் நடுப்பக்கத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவன் என்ற முறையில் ஓர் உட்கதை. பெரிய விவகாரம் வெடித்ததும் ஆதரவாக ஒரு கட்டுரை, எதிராக ஒரு கட்டுரை என்று பக்கத்தில் பக்கமாகப் போடுவது வழக்கம். பார்ப்பதற்கு நியாயமாக இருக்கும். நடப்பது என்ன? ஒரு கட்டுரை கையில் இருக்கும். மாலை ஐந்து மணிக்குள் மறுகட்டுரை வேண்டும். பொருளை நன்கு அறிந்த பேராசிரியருக்குப் போன் செய்தால், “நான்கு நாள் கொடுங்கள், அறிக்கையைப் படித்துவிட்டு எழுதுகிறேன்” என்பார். பக்கம் காத்திருக்காது. கேட்ட இரண்டு மணி நேரத்தில் எழுநூறு சொல் தரத் தயாராக இருக்கும் ஒருவர் எப்போதும் கிடைப்பார். அவர் பெயர்தான் பக்கத்தில் வரும். வாசகர்களோ, எதிர்த்தரப்பின் சரக்கு இவ்வளவுதான் என்று முடிவு கட்டுவார்கள். அந்தப் பேராசிரியரின் கட்டுரையும் வரத்தான் செய்யும். பத்து நாள் கழித்து, வேறோர் இதழில், பரபரப்பு அடங்கிய பிறகு, யாரும் பகிராமல். ஆகவே தேடும் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். எந்த விவகாரமானாலும் பத்துப் பதினைந்து நாள் பொறுத்துத் தேடினால் வேறு தரத்தில் எழுத்து கிடைக்கிறது.

எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம் உண்டு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நிகழ்ச்சி நடந்ததா இல்லையா என்பது கருத்து வேறுபாடு ஆகாது. பொய்ச் செய்தியைப் பரப்புகிறவரை ‘மாற்றுப் பார்வை’ என்ற பெயரில் பட்டியலில் சேர்த்தால், அந்தத் தரப்பின் நல்ல வாதிகளுக்கே அவமானம்.

தொழில்நுட்பத்தில் சொல்ல அதிகம் இல்லை. யூடியூபில் பார்வை வரலாற்றை அணைத்துவிடுங்கள், அல்லது அரசியலுக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பரிந்துரைப் பட்டியல் எதைக் காட்டுகிறதோ அதைப் படிக்காமல், ஏட்டின் முகவரியை நீங்களே தட்டி உள்ளே போங்கள். தினமும் ஐந்து தரப்பை மேய்வதைவிட, மாதம் ஒரு விவகாரத்தை எடுத்துக்கொண்டு அதன் மூன்று தரப்பை முழுதாகப் படிப்பது நல்லது. நேரமும் மிச்சமாகும்.

தமிழில் மட்டுமே படிப்பவர்களுக்கு ஒரு குறை இருக்கத்தான் செய்கிறது. தீர்ப்புகளும் விவாதக் குறிப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. உச்ச நீதிமன்றம் இப்போது சில தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பை வெளியிடுகிறது. நடை கரடுமுரடாக இருந்தாலும் வாதம் பிடிபடும். அதன் தீர்ப்புத் திரட்டு 2023 ஜனவரி முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே வழக்கு எண்ணை வைத்துத் தேடி அல்லாடவேண்டாம், பெயரைப் போட்டாலே வந்துவிடும். மேலே சொன்ன 10 விழுக்காடு வழக்கின் பெயர் ஜன்ஹித் அபியான் எதிர் இந்திய ஒன்றியம்.